புரோட்டோடைப் கருவியா, ஊடாடும் அனிமேஷன் கருவியா? புதிதாக வரும் டிசைனர்களுக்கு ஒரு விளக்கம்

ஒரு டவுன்லோட் பட்டனில் இருந்து தொடங்குகிறேன். நான் வேலை பார்த்த ஒரு குழுவில், பாடங்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். பட்டனைத் தொட்டால் அது சுருங்கி வட்டமாகும். வட்டத்தின் விளிம்பில் ஒரு கோடு மெல்ல ஓடி முழுச் சுற்று வரும். முடிந்ததும் நடுவில் ஒரு டிக் குறி துள்ளி வந்து நிற்கும். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் செய்து போனில் ஓட்டிக் காட்டினோம். அறையில் இருந்த எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கூட்டம் முடியும் நேரத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த ஆண்ட்ராய்டு டெவலப்பர் கேட்டார்: "அக்கா, இந்த ஃபைலை அப்படியே ஆப்ல போட்டுடலாமா?"

போட முடியாது. அந்த ஃபைலில் இருந்தது பட்டனைப் பற்றிய ஒரு காட்சி மட்டும்தான். சுருங்குவது, சுற்றுவது, துள்ளுவது எல்லாவற்றையும் அவர் நிரலில் முதலில் இருந்து எழுத வேண்டும். வளைவு சரியில்லை, துள்ளல் அதிகம், நிறம் தாமதமாக மாறுகிறது என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவர் திருத்தித் திருத்தி, இரண்டு வாரம் அந்த ஒரு பட்டனிலேயே போனது. அந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் நாங்கள் எடுத்திருக்க வேண்டிய கருவியே வேறு.

டிசைன் குழுக்கள் கருவி தேடும்போது இரண்டு வகை மென்பொருட்களை ஒரே தட்டில் வைத்துப் பார்க்கின்றன. ஃபிக்மா, புரோட்டோபை, பிரின்சிபிள், ஒரிகாமி ஸ்டுடியோ ஒரு பக்கம். ரைவ், லாட்டி மறுபக்கம். இரண்டிலும் பொருட்கள் நகர்கின்றன, தொட்டால் பதில் சொல்கின்றன. அதனால் ஒன்றுக்கொன்று போட்டி போலத் தெரிகிறது. உண்மையில் இவற்றின் வேலை வேறு வேறு. அந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் எந்தக் கருவி என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

சுண்ணாம்புக் கோடும் கதவும்

வீடு கட்டத் தொடங்கும்போது மனையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்ப்பார்கள். இது ஹால், இது சமையல்கட்டு, இங்கே அடுப்பு வந்தால் பின்னால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்க இடம் இருக்குமா, பூஜை அலமாரி எங்கே வரும் என்று அங்கேயே நின்று பேசுவார்கள். பத்தாது என்றால் கோட்டைக் காலால் அழித்துவிட்டு ஓர் அடி தள்ளிப் போடலாம். அஸ்திவாரம் தோண்டியதும் கோடு மறைந்துவிடும். அதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை.

புரோட்டோடைப் என்பது அந்தச் சுண்ணாம்புக் கோடு. முன்மாதிரி என்றும் சொல்கிறோம். ஒரு கேள்விக்கு விடை தேட அதைச் செய்கிறோம். விடை கிடைத்ததும் அதன் வேலை முடிந்தது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒரு மரத்துண்டு. பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி 1996-இல் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி என்ன அளவில் இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ அந்த அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் மரத்துண்டை எடுத்து, ஒரு குச்சியால் தட்டி, நாட்காட்டியைப் பார்ப்பது போலப் பாவனை செய்வார். அதில் திரை இல்லை, மின்சாரம் இல்லை. ஆனால் இதை நாள் முழுக்கச் சட்டைப்பையில் சுமக்க முடியுமா, எந்த வேலைக்கு இதைக் கை தேடுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் அது பதில் சொன்னது. மரத்துண்டை யாரும் தொழிற்சாலைக்கு அனுப்பவில்லை.

கதவு வேறு. வாசக்காலில் மாட்டியதும் அது வீட்டோடு இருக்கப்போகிறது. ஒரு நாளைக்கு நூறு முறை திறந்து மூடும், காற்றில் அடிக்கும், மழைக்கு ஊறும், குழந்தைகள் ஏறித் தொங்கும். ரைவிலும் லாட்டியிலும் செய்யும் அனிமேஷன் அந்தக் கதவு மாதிரி. நீங்கள் செய்த அதே ஃபைல் ஆப்புக்குள் ஏறி, பயனர் கையில் இருக்கும் போன் வரை போய்ச் சேர்கிறது.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: நான் செய்யும் ஃபைல் பயனரின் போன் வரை போகுமா, அல்லது குழுவுக்குள்ளேயே நின்றுவிடுமா?

புரோட்டோடைப் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன

ஃபிக்மாவை 2012-இல் டிலன் ஃபீல்டும் இவான் வாலஸும் தொடங்கினார்கள். எல்லோருக்கும் திறந்துவிட்டது 2016-இல். பிரவுசரிலேயே ஓடுவதும், பலர் ஒரே ஃபைலில் சேர்ந்து வேலை செய்ய முடிவதும் அதன் பலம். அதில் புரோட்டோடைப் செய்வது, திரைகளை வரிசையாக வைத்து அம்புக்குறி இழுப்பதுதான். இந்தப் பட்டனைத் தொட்டால் அந்தத் திரைக்குப் போ, 2 விநாடி கழித்து அடுத்த திரைக்குப் போ என்று சொல்லிவிடலாம்.

நகர்வுக்கு அதில் இருப்பது ஸ்மார்ட் அனிமேட். இது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நிறையக் குழப்பம் தீரும். இரண்டு திரைகளிலும் ஒரே பெயரில், ஒரே அடுக்கமைப்பில் இருக்கும் லேயர்களை, அதாவது திரையின் தனித்தனிப் பொருட்களை, அது தேடிப் பிடிக்கிறது. முதல் திரையில் இடது ஓரத்தில் இருக்கும் வட்டம் இரண்டாம் திரையில் வலது ஓரத்தில் இருந்தால், நடுவில் உள்ள நகர்வை அதுவே நிரப்பிவிடும். பெயர் மாறியிருந்தால் இரண்டும் வேறு பொருள் என்று எடுத்துக்கொண்டு ஒன்றை மங்கவைத்து மற்றதைக் காட்டும். புதிதாக வருபவர்கள் "ஸ்மார்ட் அனிமேட் வேலை செய்யலை" என்று சொல்லும்போது பெரும்பாலும் லேயர் பெயர்தான் காரணம். ஒரு லேயரை நகல் எடுத்து ஒட்டும்போது பெயரில் உள்ள எண் மாறியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

2023-இல் ஃபிக்மாவில் வேரியபிள்களும் நிபந்தனைகளும் வந்தன. கூடையில் எத்தனை பொருள் என்று கணக்கு வைப்பது, கடவுச்சொல் சரியென்றால் ஒரு திரை, தவறென்றால் வேறு திரை என்று பிரிப்பது எல்லாம் முடியும். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. எல்லாம் ஃபிக்மாவுக்குள்தான் ஓடும். ஃபிக்மாவில் செய்ததை லாட்டியாக மாற்றித் தரும் பிளக்இன்கள், அதாவது கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவிகள், உண்டு. சின்ன ஐகானுக்கு அவை உதவும். ஆனால் ஒரு முழு ஊடாட்டத்தை நம்பி அவற்றிடம் கொடுக்க நான் தயங்குவேன்.

புரோட்டோபை தென் கொரியாவில் உருவானது. தொடுவது, இழுப்பது, சாய்ப்பது போன்ற ஒரு தூண்டுதல். நகர்வது, நிறம் மாறுவது, ஒலிப்பது போன்ற ஒரு எதிர்வினை. எந்தப் பொருளுக்கு எந்தத் தூண்டுதல், அதற்கு என்ன எதிர்வினை என்று சேர்த்துக்கொண்டே போவதுதான் அதன் முறை. போனைச் சாய்த்தால் என்ன நடக்கும், மைக்கில் சத்தம் வந்தால் என்ன நடக்கும் என்றெல்லாம் உண்மையான போனில் பார்த்துவிடலாம். ஒரு சாதனத்தில் தொட்டால் இன்னொரு சாதனத்தில் மாறும்படியும் செய்யலாம். ஸ்டியரிங்கில் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டுத் திரை மாற வேண்டும் என்ற தேவை உள்ள கார் டிசைன் குழுக்களுக்கு இது பெரிய வசதி. பிரின்சிபிள் மேக் கணினிக்கு மட்டும். ஒரிகாமி ஃபேஸ்புக்கில் 2013-இல் பிறந்தது. பெட்டிகளைக் கம்பியால் இணைப்பது போன்ற முறை. பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று: கதை நீங்கள் எழுதியபடியே நடக்கும். எங்கள் டவுன்லோட் பட்டன் எப்போது தொட்டாலும் 2 விநாடியில் வெற்றிகரமாக முடிந்தது. ரயிலில் போகும்போது 43 சதவீதத்தில் சிக்னல் போனால் என்ன ஆகும் என்று அதில் வழியே வைக்கவில்லை. வைக்கவும் தேவை இருக்கவில்லை. ஏனென்றால் அப்போது எங்கள் கேள்வி, இந்தப் பட்டனைப் பார்த்ததும் மக்களுக்குப் புரிகிறதா என்பதுதான்.

ஊடாடும் அனிமேஷன்: ஃபைலே ஆப்புக்குள் போகும் வழி

இந்த ஆசை புதிதல்ல. டிசைனர் செய்த அனிமேஷனை அப்படியே பயனரிடம் கொண்டுபோன முதல் பெரிய கருவி ஃப்ளாஷ். ஒரு காலத்தில் இணைய விளையாட்டுகளில் பெரும்பகுதி அதில்தான் ஓடின. அடோபி அதற்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ஆம் தேதி நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃப்ளாஷ் ஃபைல்களை ஓட்ட மறுத்துவிட்டது. எத்தனையோ பேரின் பல வருட உழைப்பு ஒரே நாளில் கறுப்புப் பெட்டியானது. இந்தப் பாடத்துக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

ஃப்ளாஷ் ஓயத் தொடங்கியபோதே அதன் இடத்தைச் சிலர் ஜிஃப்பால் நிரப்பினார்கள். ஜிஃப்பில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான். பாதி ஒளிபுகும் விளிம்பு கிடையாது. அதனால் கறுப்புப் பின்னணியில் வைத்தால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பல் இளிக்கும்.

2017-இல் ஏர்பிஎன்பி நிறுவனம் லாட்டியை வெளியிட்டது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அடோபியின் அனிமேஷன் மென்பொருளில் செய்ததை பாடிமூவின் என்ற பிளக்இன் ஜேசான் என்ற எழுத்துவடிவத் தகவல் ஃபைலாக மாற்றும். படத்தை அனுப்பாமல், இந்த வடிவம் இந்த நேரத்தில் இங்கிருந்து அங்கே நகர வேண்டும் என்ற குறிப்பை மட்டும் அனுப்புவது அதன் வழி. ஆப்பில் இருக்கும் ஒரு சின்ன பிளேயர் அந்தக் குறிப்பைப் படித்து அங்கேயே வரைந்து காட்டும். அதனால் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் பிசிறு வராது. பெயர்கூட அழகானது: கத்தரித்த காகித உருவங்களின் நிழலை வைத்து 1926-இலேயே முழுநீளப் படம் எடுத்த ஜெர்மானியப் பெண் கலைஞர் லாட்டே ரைனிகரின் நினைவாக வைத்தார்கள். நம் தோல்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய உத்தி பார்த்ததும் பிடிபடும்.

ஆனால் லாட்டி அடிப்படையில் ஒரு காலக்கோடு. தொடங்கு, நிறுத்து, இந்த இடத்துக்குப் போ என்று சொல்லலாம். எப்போது எது ஓட வேண்டும் என்ற முடிவை டெவலப்பர்தான் நிரலில் எழுத வேண்டும். டாட்லாட்டி என்ற புதிய வடிவத்தில் நிலைகளுக்கும் இடம் வந்திருக்கிறது என்றாலும், பெரும்பாலான குழுக்கள் இன்றும் லாட்டியை ஓடி முடியும் ஒரு துண்டுப் படமாகத்தான் பயன்படுத்துகின்றன. அதற்கு அது நன்றாகவே போதும்.

ரைவ் இன்னொரு படி மேலே போகிறது. முன்பு ஃப்ளேர் என்ற பெயரில் இருந்தது. வரைவதும் அசைப்பதும் அதிலேயே நடக்கும். அதோடு ஸ்டேட் மெஷின் என்ற ஒன்று இருக்கிறது. இந்தக் கருவியின் உயிர் அதுதான் என்பதால், பிறகு ரைவிலும் நாங்கள் செய்த எங்கள் பட்டனை வைத்தே அதை விளக்கிவிடுகிறேன்.

பட்டனுக்கு நான்கு நிலைகள்: சும்மா இருப்பது, இறங்கிக்கொண்டிருப்பது, முடிந்தது, தோற்றது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சின்ன அனிமேஷன் செய்கிறோம். பிறகு அவற்றுக்கு இடையே அம்புக்குறிகள். சும்மாவில் இருந்து இறங்குவதற்குப் போக, பட்டனைத் தொட வேண்டும். இறங்குவதில் இருந்து முடிந்ததற்குப் போக, எண் 100 ஆக வேண்டும். இறங்குவதில் இருந்து தோற்றதற்குப் போக, பிழை என்ற சுவிட்ச் ஆன் ஆக வேண்டும். தோற்றதில் இருந்து தொட்டால் மறுபடி இறங்குவதற்கு. இதில் எண்ணும் சுவிட்சும் வெளியில் இருந்து வருபவை, ஆப் கொடுப்பவை. டெவலப்பர் செய்ய வேண்டியது, உண்மையில் எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்ற எண்ணை இந்த ஃபைலுக்குள் ஊட்டிக்கொண்டே இருப்பது மட்டும். வட்டத்தின் கோடு அந்த எண்ணுக்கு ஏற்றபடி நீளும். 43-இல் சிக்னல் போனால் கோடு 43-இல் நிற்கும். பிழை வந்தால் பட்டன் லேசாகத் தலையாட்டிச் சிவக்கும். துள்ளலின் வேகம் பிடிக்கவில்லை என்றால் டிசைனர் ரைவில் திருத்திப் புது ஃபைல் கொடுத்தால் போதும். நிரலைத் தொட வேண்டியதில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, மொழி கற்பிக்கும் ஆப்பான டூயோலிங்கோ நல்ல சான்று. அந்த ஆப்பில் கதாபாத்திரங்கள் வாயசைத்துப் பேசும். வாக்கியங்களோ ஏராளம், ஒவ்வொன்றுக்கும் தனி வீடியோ செய்வது நடக்காத காரியம். அவர்கள் ஒலிக்கு ஒரு வாய் வடிவம் என்று ரைவில் நிலைகளைச் செய்து, குரல் ஓடும்போது எந்த நொடியில் எந்த ஒலி வருகிறது என்ற தகவலை அந்த ஃபைலுக்குக் கொடுக்கிறார்கள். புதிய வாக்கியம் வந்தாலும் அதே ஃபைல்தான் பேசும். இதைப் புரோட்டோடைப் கருவியில் காட்டிப் பார்க்கலாம்; ஓட்ட முடியாது.

சரி, எப்போது எது?

ஒரு திரையில் இருந்து இன்னொரு திரைக்கு மக்கள் வழி தவறாமல் போகிறார்களா, இந்தச் சொல் புரிகிறதா, படிவத்தில் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பவை உங்கள் கேள்வி என்றால் ஃபிக்மா போதும். கூடுதலாக எதுவும் வாங்க வேண்டாம். கை அசைவு, சென்சார், பல சாதனங்கள் என்று வந்தால் புரோட்டோபையைப் பாருங்கள். புதியவர்களுக்கு ஆப்பை அறிமுகப்படுத்தும் ஆன்போர்டிங் திரையில் ஓடி முடியும் ஒரு படம், காலியான பக்கத்தில் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான் தேவை, குழுவில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தெரிந்தவரும் இருக்கிறார் என்றால் லாட்டி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்யும் எல்லாமும் லாட்டியில் வராது என்பதை மட்டும் அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல எஃபெக்டுகள் ஏற்றுமதியில் உதிர்ந்துவிடும். ஆப்பில் இருந்து வரும் தகவலுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்க வேண்டும், நிலைகள் மூன்று நான்குக்கு மேல் போகின்றன என்றால் ரைவ்.

இரண்டும் வேண்டாத வேலையும் நிறைய இருக்கிறது. ஒரு மெனு திறப்பது, ஒரு அறிவிப்பு மங்கி மறைவது, பட்டன் அழுத்தும்போது லேசாகச் சுருங்குவது. இவற்றை டெவலப்பர் நிரலில் சில வரியில் எழுதிவிடுவார். அதற்குப் போய் ஒரு புதிய பிளேயரை ஆப்புக்குள் ஏற்றி ஆப்பின் எடையைக் கூட்டுவது நியாயம் இல்லை. நீளம் 200 முதல் 300 மில்லிவிநாடி, தொடக்கம் வேகமாக, முடிவு மெதுவாக என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதி வைத்த மூன்று எல்லைகள் இங்கே இன்றும் கைகொடுக்கும். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். 1 விநாடி வரை சிந்தனை அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். எங்கள் டவுன்லோட் 10 விநாடியைத் தாண்டும் என்பதால்தான் அதற்கு அவ்வளவு மெனக்கெட்டோம். எல்லாப் பட்டனுக்கும் அது தேவையில்லை.

அடுத்து, ஆட்கள். ரைவ் ஃபைலுக்கு இரண்டு பெற்றோர் வேண்டும்: அதைச் செய்யும் டிசைனர், அதை ஆப்போடு இணைக்கும் டெவலப்பர். இணைப்பு நடப்பது பெயர்களால். முன்னேற்ற எண்ணுக்கு டிசைனர் ஃபைலில் என்ன பெயர் வைத்தாரோ அதே பெயரை டெவலப்பர் நிரலில் எழுதுவார். இதில் நாங்கள் ஒரு தடவை நன்றாகவே அடிபட்டோம். வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு, ஃபைலை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒரு பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றினேன். ஆப் உடையவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. கோடு மட்டும் சுழியத்திலேயே நின்றது. சோதனை செய்தவர் இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்கப் போனது. அன்றில் இருந்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் என்ன பெயர், எந்த வகை, என்ன அளவு என்று ஒரு சின்ன அட்டவணை எழுதி இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்குகிறோம். ஆப்பின் தகவலை ஃபைலோடு பிணைக்க ரைவ் இப்போது டேட்டா பைண்டிங் என்ற முறையைத் தருகிறது. அதிலும் பெயர் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இணைக்க நேரம் ஒதுக்கும் டெவலப்பர் உங்கள் குழுவில் இல்லை என்றால் ரைவைத் தள்ளிப்போடுங்கள். ஃபைல் டிசைனரின் கணினியிலேயே தூங்கும்.

பிறகு, கருவியின் ஆயுள். இன்விஷன் ஒரு காலத்தில் புரோட்டோடைப் என்றாலே நினைவுக்கு வந்த பெயர். 2024 முடிவோடு அதன் டிசைன் சேவைகள் மூடப்பட்டன. இன்னொரு புரோட்டோடைப் கருவியான அடோபி எக்ஸ்டி 2023 முதல் பராமரிப்பு நிலையில்தான் இருக்கிறது. புதிய வசதிகள் வருவதில்லை. புரோட்டோடைப் கருவி மூடினால் பழைய சுண்ணாம்புக் கோடுகள் போகும். வருத்தம்தான், ஆனால் வீடு நிற்கும். ஆப்புக்குள் ஓடும் அனிமேஷன் கருவி மூடினால் கதவே போகும். ஃப்ளாஷில் நடந்தது அதுதான். எனவே இந்த வகைக் கருவியை எடுக்கும்போது, அதை ஓட்டும் பிளேயரின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். லாட்டி பிளேயர்களும், ரைவில் ரன்டைம் என்று சொல்லும் பிளேயர்களும் திறந்த மூலமாகக் கிடைக்கின்றன. நாளைக்கு நிறுவனமே இல்லை என்றாலும் ஏற்கெனவே ஆப்பில் உள்ள ஃபைல்கள் ஓடும். ஆனால் ரைவில் திருத்துவதற்கான எடிட்டர் நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தை வைத்து ஒரு சோதனை

தமிழில் ஆப் செய்பவர்களுக்கு இந்தப் பகுதி. ஆங்கில விளக்கங்களில் இது வராது.

அனிமேஷனுக்குள் எழுத்து வைத்தால் இரண்டு வழி. எழுத்தை வடிவமாக உடைத்து வைப்பது ஒன்று. எங்கும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் மொழியை மாற்ற முடியாது. தமிழுக்கு ஒரு ஃபைல், தெலுங்குக்கு ஒரு ஃபைல் என்று பெருகும். எழுத்தை எழுத்தாகவே விட்டு, ஃபாண்ட்டைச் சேர்த்து அனுப்புவது இன்னொன்று. இங்கேதான் கவனம் வேண்டும். "செய்" என்ற சொல்லில் கணினி முதலில் ச-வையும் அடுத்துக் கொம்பையும் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்து அமைப்பு இயந்திரத்தின் வேலை. அது இல்லாத அல்லது அணைந்திருக்கும் இடத்தில் கொம்பு பின்னால் தனியாக, ஒரு புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும்.

எழுத்தெழுத்தாகத் தோன்றும் அனிமேஷனில் இன்னொரு சிக்கல். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடு: த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. கருவி குறியீட்டைக் கணக்கிட்டு நகர்த்தினால் முதலில் "தம" வரும், பிறகு விசிறி வந்து ஒட்டும், "ழ" வந்த பிறகு புள்ளி தனியாக வந்து உட்காரும். பார்க்கச் சகிக்காது. அதனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், "கொய்யாப்பழம் பதிவிறக்கம்" என்பது போலக் கொம்பும் காலும் புள்ளியும் உள்ள ஒரு சொற்றொடரைப் போட்டு, உண்மையான ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் பிரவுசரிலும் பாருங்கள். எடிட்டரில் சரியாகத் தெரிந்தது போனில் தெரியும் என்று நம்பாதீர்கள். அப்புறம் நீளம். "டவுன்லோட்" பொருந்திய பட்டனில் "பதிவிறக்கம் செய்" பொருந்தாது. நாங்கள் கடைசியில் எழுத்தை அனிமேஷனுக்கு வெளியே, ஆப்பின் சாதாரண எழுத்தாகவே வைத்தோம். பட்டனின் உருவம் மட்டும் ரைவில். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அதுவே நல்லது. சாதாரண எழுத்தை அது தடையில்லாமல் படிக்கும்.

இரண்டும் சேர்ந்து நடக்கும் வழி

இன்று அதே பட்டனைச் செய்யச் சொன்னால் இப்படிப் போவேன். முதல் நாள் ஃபிக்மாவில் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்து, நகர்வே இல்லாமல், ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்ப்பேன். பட்டனைக் கண்டுபிடிக்கிறார்களா, பாடம் எங்கே இறங்கியது என்று தெரிகிறதா? அது தேறிய பிறகு டெவலப்பரோடு உட்கார்ந்து நிலைகளைத் தாளில் எழுதுவோம். தோல்வி, பாதியில் நிறுத்துவது, போனில் இடம் இல்லாதது ஆகிய மூன்றையும் முதலில் எழுதுவோம். அவற்றைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பிறகு ரைவில், அழகே இல்லாத வெறும் வட்டங்களை வைத்து ஸ்டேட் மெஷினை மட்டும் கட்டி, அன்றே டெவலப்பரிடம் கொடுத்துவிடுவேன். அவர் இணைத்து ஓட்டிப் பார்ப்பார். கதவு வாசக்காலில் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகுதான் வேலைப்பாடு. துள்ளலும் வளைவும் நிறமும் அப்போது வந்தால் போதும்.

2025-இல் ஃபிக்மா மேக் (Figma Make) என்ற வசதி வந்த பிறகு, வேண்டியதை எழுதிச் சொன்னால் நிரலாகவே புரோட்டோடைப் கிடைக்கிறது. அது நிரலாக இருப்பதால் அப்படியே பயனருக்கு அனுப்பிவிடலாம் என்ற ஆசை வரும். அங்கும் நான் கேட்பது அதே கேள்விதான்: 43 சதவீதத்தில் சிக்னல் போனால் இது என்ன செய்யும்?

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. திரையில் பொருட்கள் நகர்ந்தால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். ஐபோனில் அசைவைக் குறைக்க ஓர் அமைப்பு இருக்கிறது, ஆண்ட்ராய்டில் அனிமேஷன்களை நீக்க இருக்கிறது, பிரவுசர்களும் அந்த விருப்பத்தை இணையதளத்துக்குத் தெரிவிக்கின்றன. புரோட்டோடைப்பில் இதை மறந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பயனர் வரை போகும் ஃபைலில் மறந்தால் ஒருவர் உங்கள் ஆப்பை மூடிவைத்துவிடுவார். இணைய அணுகல் விதிகள், தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்த ஒரு வழி வேண்டும் என்கின்றன. ஒரு விநாடிக்கு 3 தடவைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது என்கின்றன. எங்கள் ஸ்டேட் மெஷினில் அதற்கென்று ஒரு சுவிட்ச் சேர்த்தோம். போனில் அசைவு குறைத்திருந்தால் ஆப் அதை ஆன் செய்யும். வட்டம் சுருங்காது, டிக் துள்ளாது. எண் மட்டும் 41, 42, 43 என்று ஏறும், முடிந்ததும் டிக் குறி அதன் இடத்தில் அமைதியாக வந்து நிற்கும்.